சேர்வராயனைச் சுற்றி ஒரு சீசன்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து எந்தச் சாலையில் சைக்கிளை விட்டாலும் கொஞ்ச நேரத்தில் மலை எதிரே வந்து நிற்கும். தென்மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே சித்தேரி மலை, இரண்டுக்கும் நடுவே தெற்கில் மஞ்சவாடி கணவாய். வடக்குப் பக்கம் மட்டும் அரூர், மொரப்பூர் என்று திறந்து கிடக்கிறது. சமதள ஓட்டம் வேண்டுமா, ஏறி இறங்கும் சாலை வேண்டுமா, ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஏறும் மலைப்பாதை வேண்டுமா, மூன்றும் விடிகாலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பும் தூரத்தில் இருக்கின்றன. ரோடு பைக் ஓட்டுகிறவர்கள் இப்படி ஒரு நிலத்தைத் தேடி விமானம் ஏறிப் போகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தின் இந்தத் தாலுகாவில் அது பேருந்து நிலையத்தைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது.

வேலை நிமித்தமாக இந்த ஊருக்குக் குடிவந்தவன் நான். பரிசு வாங்கும் வயதைத் தாண்டிய பிறகும் பந்தயத்துக்கென்று உடம்பைத் தயார் செய்வதில் கிடைக்கும் நிறைவை விட முடியாதவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவன். நான் எழுதுவது தூரதேசப் பயணத்தைப் பற்றி அல்ல. ஒரு சீசன் முழுக்க ஒரே மலையைச் சுற்றிச் சுற்றி வந்த பயணத்தைப் பற்றி. புதிய ஊருக்கு ஒருமுறை போய்வந்தால் அந்த ஊரின் ஒரு நாள் தெரியும். ஒரே சாலையில் மழையிலும் பனியிலும் வெயிலிலும் காற்றிலும் போனால்தான் அந்த ஊரின் வருஷம் தெரியும். அதைப் பயிற்சி ஓட்டம் தருகிற அளவுக்கு வேறெந்தப் பயணமும் எனக்குத் தந்ததில்லை.

மழையில் தொடங்கும் ஆண்டு

நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கு ஆண்டு பிறப்பது நவம்பரில். ‘பிரவே’ என்று சொல்லப்படும் ஓட்டங்களின் கணக்கு நவம்பரில் தொடங்கி மறு அக்டோபரில் முடிகிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணி நேரத்துக்குள், 400-ஐ 27 மணி நேரத்துக்குள், 600-ஐ 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே சீசனில் முடிப்பவர் ‘சூப்பர் ரான்டனர்’. சைக்கிள்காரர்கள் சந்தித்துக்கொண்டால் கேட்கும் முதல் கேள்வியே “இந்த வருஷம் எஸ்.ஆர். ஆச்சா?” என்பதுதான். இந்தியாவில் இதை நடத்துவது ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் அமைப்பு. சென்னை, கோவை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்து இந்த ஓட்டங்கள் புறப்படுகின்றன.

பிரவே பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே சான்றுதான். பின்னால் உதவி வண்டி வரக் கூடாது. பஞ்சரா, நாமே ஒட்ட வேண்டும். பசியா, வழியில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும். இன்ன இடத்தை இத்தனை மணிக்குக் கடந்தேன் என்பதற்கு ஏ.டி.எம். சீட்டோ கடை பில்லோ சாட்சி. இந்த மரபின் தலைமகன் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டம். 1891-ல் தொடங்கியது, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது, 90 மணி நேரம் அதன் எல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் போய் முடித்துவிட்டு வருகிறார்கள்.

இதைக் கேட்டு வியக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. பள்ளிக்கூட மைதானத்திலோ கோயில் திடலிலோ கம்பம் நட்டு, டியூப்லைட் கட்டி, மைக்செட் அலற, ஒரு மனிதர் இரவு பகலாகக் கீழே இறங்காமல் சைக்கிளில் வட்டமடித்த காலம் ஒன்று இருந்தது. சைக்கிளிலேயே குளியல், சைக்கிளிலேயே சாப்பாடு, கடைசி நாளில் சட்டையில் குத்தும் ரூபாய் நோட்டு. தூக்கத்தை வென்று சக்கரத்தை உருட்டுவது வீரம் என்று தமிழ்க் கிராமம் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. 400 கிலோமீட்டர் ஓட்டத்தில், விடிவதற்கு முந்தைய அந்த மோசமான மணி நேரத்தில், எனக்குத் துணைக்கு வருகிறவர் அந்தப் பெயர் தெரியாத சைக்கிள் வீரர்தான்.

நவம்பரில் என் ஓட்டம் வாணியாறு அணைப் பக்கம் இருக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து வடக்கே ஓடித் தென்பெண்ணையில் சேரும் ஆறு வாணியாறு. மலையடிவாரத்தில் முள்ளிக்காட்டுக்கு அருகே அதற்கு அணை கட்டியிருக்கிறார்கள். ஏற்காட்டில் விடாமல் மழை பிடித்தால் இங்கே அணையின் மட்டம் ஏறும். அணை 65 அடியை எட்டியதா என்பதுதான் அந்த வாரம் டீக்கடைப் பேச்சு. அணை நிரம்பினால் கால்வாய்ப் பாசனம் உண்டு, ஏரிகளுக்குத் தண்ணீர் உண்டு, அந்த வருஷம் நெல்லும் கரும்பும் உண்டு.

சீசனின் முதல் இரண்டு மாதங்களில் வேகத்துக்கு இடமில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் தசைக்குள் இருக்கும் நுண்ணிய ஆற்றல் கூடங்களுக்கும் அந்த மெதுவான ஓட்டம்தான் அஸ்திவாரம். கொழுப்பை எரித்து ஓட உடம்பு அப்போதுதான் பழகுகிறது. மூச்சு முட்ட ஓட்டினால்தான் பயிற்சி என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த இரண்டு மாதத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு ஏப்ரலில் படுத்துவிடுகிறார்கள். மெதுவாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்பது முதல், எந்த வீட்டு வாசலில் புதிதாகப் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பது வரை எல்லாம் கண்ணில் படும்.

சாலையில் காயும் கேழ்வரகு

பனி தொடங்கியதும் சாலை களமாகிவிடுகிறது. கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் ஏறி மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். பிறகு கூட்டி அள்ளித் தூற்றினால் தானியம் வீட்டுக்கு, தூசி காற்றுக்கு. தர்மபுரிக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. 25 மில்லிமீட்டர் அகல டயரில் வருகிறவனுக்கு அப்படியல்ல. காய்ந்த கொள்ளுத்தட்டின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் நழுவும், தட்டு செயினில் சிக்கினால் கியர் மாறாது.

மொரப்பூர் சாலையில் ஒரு பாட்டி, துடைப்பத்தைக் கையில் பிடித்தபடியே சாலைக்கு நடுவில் நின்று எனக்குக் கைகாட்டினார்.

“ஓரமா போ சாமி, வழுக்கும். எங்க இருந்து வர்ற?”

“பாப்பிரெட்டிப்பட்டிங்க பாட்டி.”

“அங்க இருந்து இந்த ஒல்லி வண்டியிலயா? சாப்ட்டியா?”

அருகில் இறங்கிப் பார்த்தேன். கதிரின் விரல்கள் உடைந்து, கடுகைவிடச் சிறிய செம்பழுப்பு மணிகள் தாரின் சொரசொரப்புக்குள் புதைந்து கிடந்தன. பாட்டி துடைப்பத்தின் நுனியால் ஒவ்வொரு குழியையும் கிளறி அந்த மணிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முறம் தானியத்துக்காக ஒரு காலைப் பொழுது முழுக்கக் குனிந்த முதுகு. அந்தச் சாலையில் அன்றைக்கு உழைப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும். பந்தயச் சைக்கிள்காரர்கள் இங்கே வந்தால் இதை ஒன்று மனதில் வைக்க வேண்டும்: களத்துக்கு இடம் இல்லாதவர்கள் சாலையைக் களமாக்குகிறார்கள்; மணியடித்து, வேகம் குறைத்து, ஓரமாகப் போவது நம் கடமை.

அந்தக் கேழ்வரகுதான் எனக்குப் பந்தய உணவும்கூட. கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டுகள் பந்தயத்தின் கடைசி மணி நேரத்துக்குச் சரி. ஆறு மணி நேர ஓட்டத்துக்கு முந்தைய இரவு களியும் கொள்ளுக் கடைசலும், காலையில் ஒரு சொம்பு கூழும் போதும். ஓடும்போது சட்டைப் பையில் கடலைமிட்டாய், வாழைப்பழம். தண்ணீர் பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும். வியர்வையில் போகும் உப்பு திரும்பி வராவிட்டால் தண்ணீரை மட்டும் எவ்வளவு குடித்தாலும் கால் இழுத்துக்கொள்ளும்.

பொங்கல் தாண்டினால் சாலையின் வாசனையே மாறிவிடும். கோபாலபுரத்தில் இருக்கும் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவை நடத்தும் நாட்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போகும். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு, கையெட்டும் தூரத்தில் ஓட்டுபவனின் முகத்துக்கு நேராக வரும். ஆகவே அவற்றுக்குப் பின்னால் போவதைவிட நின்று வழிவிடுவது மேல். குச்சிக்கிழங்கு அறுவடையும் இதே சமயத்தில்தான். மரவள்ளியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். 1940-களில் சேலத்தைச் சுற்றி வேர்விட்ட ஜவ்வரிசித் தொழில் இந்த வட்டாரத்து மானாவாரிக் காடுகளையெல்லாம் குச்சிக்கிழங்குக் காடாக மாற்றியது. சேகோ பேக்டரியை நெருங்கும்போது புளித்த வாடை முதலில் வரும். பிறகு வெள்ளை வெளேரென்று மாவு காயும் களம் தெரியும்.

மாசி, பங்குனியில் புளி. சாலையோரத்துப் புளியமரங்களை ஏலம் எடுத்தவர்கள் ஏறி உலுக்குவார்கள். கீழே சேலையை விரித்து வைத்துப் பெண்கள் பொறுக்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கும் அந்த மாதங்களில் இந்த மரங்களின் நிழல் இல்லாவிட்டால் பத்து மணிக்கு மேல் சைக்கிள் ஓட்டவே முடியாது. சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் விழுவது இந்தப் புளியமரங்கள்தான். நிழலுக்குக் கீழே ஓடிய பாதையிலேயே வெட்டவெளியில் ஓடிப் பார்த்தவனுக்கு அந்த இழப்பின் அளவு உடம்பில் தெரியும்.

மலையைச் சுற்றி வருதல்

சீசனின் நடுப்பகுதியில் வருவது சுற்று. எங்கள் சிறு குழுவில் “ஒரு சுத்து போலாமா?” என்று யாராவது கேட்டால் சேர்வராயன் மலையைச் சுற்றி வருவதென்று அர்த்தம். பாப்பிரெட்டிப்பட்டியில் கிளம்பி, ஏ.பள்ளிப்பட்டி வழியாக மஞ்சவாடி கணவாயைக் கடந்து, குப்பனூரில் திரும்பிக் கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறி, சேலம் பக்கம் இறங்கி, டேனிஷ்பேட்டை வழியாகப் பொம்மிடிக்கு வந்து வீடு சேர்வது. நூறு கிலோமீட்டரை நன்றாகவே தாண்டும்.

மஞ்சவாடி கணவாயில் ஏற்றம் பெரிதல்ல. பாராமகால் என்று பழைய ஆவணங்கள் சொல்லும் இந்த மேட்டுநிலம் சேலத்தைவிட உயரத்தில் இருப்பதால், நம் பக்கத்திலிருந்து போனால் கொஞ்சம் ஏறி நிறைய இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் காடு. மைசூர்ப் படைகளும் கம்பெனிப் படைகளும் சேலத்துச் சமவெளிக்கு இறங்க இப்படிப்பட்ட கணவாய்களைத்தான் நம்பியிருந்தன. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இந்த நிலத்தை வயல் வயலாக அளந்து வரி போட்டார்கள். ரயத்துவாரி முறை உருப்பெற்றது இங்கேதான். குதிரை மீதிருந்து அவர்கள் பார்த்த மேடு பள்ளம் இன்றும் அப்படியே இருக்கிறது. காரில் போகிறவருக்குச் சமதளமாகத் தெரியும் ஒரு சாலையில் எத்தனை இழுவை ஒளிந்திருக்கிறது என்பது குதிரைக்குத் தெரியும், சைக்கிளுக்கும் தெரியும்.

ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். சேலத்திலிருந்து நேராக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வண்டிகளின் நெரிசலும் அங்கேதான். குப்பனூர்ப் பாதையில் வண்டி குறைவு. ஆகவே ஏறுவதற்கு இது, இறங்குவதற்கு அது. ஏறும்போது நின்று மிதிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே, காலின் சுழற்சி குறையாத கியரில் போக வேண்டும். முன்னால் சிறிய பல்சக்கரம், பின்னால் பெரியது. சமதளத்தில் நம் எதிரி காற்று; மலையில் நம் எதிரி எடை. வண்டியும் ஆளுமாக 80 கிலோ என்றால் அந்த 80 கிலோவையும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாகத் தூக்கி வைக்கிறோம்; அதற்குக் குறுக்குவழி கிடையாது. மூச்சின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர், பாய்ந்து பாய்ந்து ஏறுகிறவரைப் பாதி வழியில் கடந்துவிடுவார்.

கொஞ்சம் ஏறியதும் புளியும் வேம்பும் குறைந்து, சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும் தொடங்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடிக்கு இன்றைக்கு இருநூறு வயது. கோடை மழை ஒன்று பெய்த பிறகான வாரத்தில் ஏறினால் காப்பிப் பூ மலர்ந்திருக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு அந்த மணம் நாக்கில் படும். அந்த ஒரு வாரத்துக்காகவே மார்ச், ஏப்ரல் மாதத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இறக்கம் வேறு வித்தை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் தொடக் கூடாது. வெளிக்கால் கீழே, உடம்பின் எடை அந்தக் காலில், பார்வை வளைவின் முடிவில். எதிரே பஸ் ஏறி வந்தால் வளைவு முழுவதும் அதற்குச் சொந்தம். 20 வளைவும் முடிந்து சேலத்து வெக்கை முகத்தில் அடிக்கும்போது, மேலே போட்டிருந்த காற்றுச் சட்டையைக் கழற்றிப் பையில் திணித்தால்தான் மேற்கொண்டு ஓட்ட முடியும்.

திரும்புவதற்குத் தொப்பூர் வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 44 இருக்கிறது. லாரிகள் கட்டுப்பாடு இழக்கும் அந்த இறக்கத்தில் நடந்த விபத்துகளைப் பற்றிப் படித்தவர்கள் யாரும் சைக்கிளில் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். ரயில் பாதையை ஒட்டிய வழிதான் எங்களுக்கு. சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில், டேனிஷ்பேட்டைக்கும் லோக்கூருக்கும் இடையே காட்டுக்குள் வளைந்து மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. மஞ்சவாடியில் இறங்கிய உயரத்தை நாங்களும் இங்கே திருப்பிச் செலுத்த வேண்டும். மதிய வெயிலில், தீர்ந்த கால்களோடு ஏறும் அந்த மேடுதான் சுற்றின் உண்மையான பரீட்சை. பந்தயத்தின் கடைசி இருபது கிலோமீட்டரில் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். பொம்மிடியில் இளநீர் குடித்து முடித்தால் பிறகு பாப்பிரெட்டிப்பட்டி கூப்பிடு தூரம்தான்.

இந்தச் சுற்றை நம்பித்தான் பந்தயங்களுக்குப் போகிறேன். தர்மபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு அருகில் இருக்கும் பந்தயக் களம் பெங்களூரு. அங்கே அமெச்சூர்களுக்கென்றே நடக்கும் பெங்களூரு பைசிக்கிள் சாம்பியன்ஷிப்பில் நந்திமலை ஏற்றம் பெயர்பெற்றது. 2008-ல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸில் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை, 36 கொண்டை ஊசி வளைவுகளோடு, தேர்ந்தவர்களையே இறங்கித் தள்ளவைக்கும். பந்தயத்தில் நான் நடுவாந்திரத்தில் வருகிறவன். ஆனால் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் சைக்கிள் விலையைப் பார்த்து மனம் கலங்குவதில்லை. கொட்டச்சேடு ஏற்றமும் லோக்கூர் மேடும் காலில் இருக்கின்றன என்ற தெம்பு அது.

ஆடிக்காற்று

ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். ஆடியில் அது உச்சம். வாழைத் தோட்டக்காரர்கள் முட்டுக் கொடுத்து மரங்களைக் காப்பாற்றும் மாதம். கணவாய் வழியாகப் பிதுங்கி வரும்போது காற்றுக்குப் பலம் இன்னும் கூடும். சமதளத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. எதிர்க்காற்று சேர்ந்தால் அதே உழைப்பில் இருபதைத் தொடுவதே பாடு.

குழுவாக ஓட்டும் கலையை இந்தக் காற்றுதான் கற்றுத்தருகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிப் போனால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆகவே முறைவைத்து முன்னால் வர வேண்டும். காற்று இடப்பக்கமிருந்து அடித்தால் நேர் பின்னால் அல்ல, முன்னவரின் வலப்பக்கம் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். குழி வந்தால் முன்னால் இருப்பவர் கையைத் தாழ்த்திக் காட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் பின்னால் எல்லோரும் வருகிறார்கள். தன் முறை வரும்போது முன்னுக்கு வராமல் நிழலிலேயே வருகிறவரை ஊரில் யாருக்கும் பிடிக்காது, சாலையிலும் பிடிக்காது.

இந்த மாதங்களில் காற்றுக்கு ஒதுங்கிச் சித்தேரிப் பக்கம் போவதுண்டு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை, சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள், பலாமரங்கள். அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைகளைத் தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த ஊருக்குச் செய்த கொடுமையைத் தமிழ்நாடு மறக்கவில்லை. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023-ல் அதே தேதியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த மக்களின் போராட்டத்தை எதனோடும் ஒப்பிட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஹேண்டில்பாரில் மாட்டிய கணினியில் இதயத் துடிப்பையும் வேகத்தையும் மட்டும் பார்த்தபடி இந்தச் சாலைகளில் போவது சரியல்ல. இங்கே யார் வாழ்ந்தார்கள், என்ன பட்டார்கள், எப்படி வென்றார்கள் என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். பயணம் என்று சொல்லிக்கொள்ள அந்த அளவாவது வேண்டும்.

செப்டம்பர் பந்தயம்

என் சீசன் முடிவதற்கு முன்னால் வரும் பந்தயத்தில் நான் போட்டியிடுவதில்லை. அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் மிதிவண்டிப் போட்டி அது. 13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்பிள்ளைகளுக்கு 10. 15, 17 வயதுக்கு உட்பட்டவர்களில் பையன்களுக்கு 20, பெண்பிள்ளைகளுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, பிறகு 2,000. நான்கு முதல் பத்தாம் இடம் வரை தலா 250. இந்தியாவில் தயாரான சாதாரண சைக்கிள்தான் அனுமதி. கியர் வண்டி கூடாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். லட்ச ரூபாய் வண்டிக்கும் இங்கே வேலையில்லை. அரசு கொடுத்த சைக்கிளோடு வருகிற பிள்ளை யாருக்கும் குறைந்ததில்லை.

அந்த அரசுச் சைக்கிளின் கதையைச் சொல்லாமல் இந்தச் சாலைகளின் கதை முடியாது. 2001-02-ல் 11-ஆம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, 2005-06 முதல் மற்ற மாணவர்களுக்கும் விரிந்த திட்டம். அதற்கும் முன்னால், 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் பழகவைத்திருந்தது. இன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு ஏ.பள்ளிப்பட்டிச் சாலையில் நின்று பார்த்தால் அதன் பலன் கண்முன் ஓடும். முன்கூடையில் சாப்பாட்டுப் பை, கேரியரில் புத்தகப் பை, சீருடைத் துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் இழுத்துக் கட்டியிருக்கும். பஸ் வராத கிராமத்திலிருந்து எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். இந்தத் தாலுகாவின் முதன்மையான சைக்கிள்காரர்கள் அவர்கள்தான்.

பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தெருவில் என் வண்டியைச் சுற்றி நின்று “அண்ணா, இது எத்தன கியரு? ஒரு ரவுண்டு குடுங்கண்ணா” என்று கேட்கும் பிள்ளைகளில் ஒருவன் தனியாக வந்து நின்றான். “அண்ணா, பதினேழு வயசு ரேசுல ஓடப்போறேன். என் வண்டியக் கொஞ்சம் பாக்கறீங்களா?”

அவன் வண்டியைத் திண்ணையோரம் சாய்த்துப் பார்த்தோம். சீட் மிகத் தாழ்வாக இருந்தது. மிதிக்கும்போது முட்டி கைப்பிடியைத் தொடும் அளவுக்கு மடங்கியது. பெடல் கீழே இருக்கும்போது குதிகால் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த அளவுக்குச் சீட் கம்பியை உயர்த்தினோம். துரு பிடித்திருந்த போல்ட் மண்ணெண்ணெய் விட்ட பிறகுதான் அசைந்தது. செயினைக் கழற்றித் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் இரண்டு சுற்றில் நின்றது. பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. அதை விலக்கி, அச்சின் நட்டைச் சரிசெய்த பிறகு சக்கரம் நிற்க மனமில்லாமல் சுழன்றது. மட்கார்டு, கேரியர் கழற்றலாமா என்று கேட்டான். நடத்துபவர்களைக் கேட்டுக்கொள், அதைவிட டயரில் காற்று முழுசாக இருக்கட்டும் என்றேன்.

பிறகு சாலைக்கு வந்தோம். முதல் கிலோமீட்டரில் எல்லோரும் பாய்வார்கள், நீ பாயாதே. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் அவர்களுக்குப் பின்னால் ஒட்டு. உன் முறை வந்தால் முன்னால் போ. திரும்பும் இடத்தில் டிரம்மைச் சுற்றும்போதுதான் நிறையப் பேர் விழுவார்கள், அங்கே வேகம் குறைத்து, நிமிர்ந்ததும் எழுந்து மிதி. கடைசி ஐந்நூறு மீட்டருக்கு முன்னால் மூச்சைச் செலவழிக்காதே. ஒரு சீசன் முழுக்க எனக்குச் சேர்வராயன் மலை சொல்லிக்கொடுத்ததை அவனுக்கு ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிட முடிந்தது. மிதித்துப் பழகியது அவன் கால்கள். தினமும் பள்ளிக்குப் போய்வரும் தூரமே அவனுக்கு அஸ்திவாரப் பயிற்சியாக இருந்திருக்கிறது.

இந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது. ஏற்றமும் இறக்கமும் கணவாயும் அணையும் நிழலும் ஒரே வட்டத்தில் அமைந்த நிலம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு சாலைப் பந்தயம் நடத்தலாம். சேர்வராயன் சுற்று என்றே பெயர் வைக்கலாம். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், இளநீர்க் கடைக்கும் லாட்ஜுக்கும் வியாபாரம் வரும். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டுக் கோடு கிழித்துச் சைக்கிளுக்கென்று விட வேண்டும். வெட்டிய புளிக்குப் பதில் மரம் நட வேண்டும். அந்த ஒரு மீட்டரில் நான் வாரத்துக்குச் சில மணி நேரம் ஓடுவேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷத்தில் இருநூறு நாள், போகவும் வரவும் ஓடுவார்கள். அவர்களுக்குப் பத்திரமான சாலை எனக்கும் பத்திரமான சாலைதான். அவர்களில் இருந்துதான் இந்த மாவட்டத்தின் பந்தய வீரர்களும் வர வேண்டும்.